கூரை நன்றாக இருக்கிறது

அண்ணன் தம்பிக்கு

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே நீங்கள் இருவரும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் வயதில் இருப்பதே ஒரு விசேஷம். மற்ற விசேஷங்கள் கீழே.

பொம்மைக் காரின் கூட்டை நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். கூரையில் கம்பெனிக்காரன் வார்த்துவைத்திருந்த சொரசொரப்பு முழுவதையும் தேய்த்து எடுத்து, பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்தாயிற்று. நிஜக் காரில் தோலுறை போட்ட கூரை என்று ஓர் ஆடம்பர வகை இருந்ததாம். அந்தக் கௌரவத்துக்காக உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக்கிலும் தோல் வியாதி மாதிரி ஒரு பரப்பை வார்த்து, பெட்டியில் போட்டு விற்கிறான். வாங்குகிற மற்றவர்கள் பாகங்களை ஒட்டி, கூரைமேல் கறுப்பை அடித்துவிட்டு நிம்மதியாக வாழ்கிறார்கள். நீயும் நானும் மட்டும்தான் அதை வழவழப்பாக்கி, வெறும் தகரக் கூரை போட்ட மலிவு வகையாக மாற்றுகிறோம். பணக்காரக் காரை ஏழைக் காராக்க ஆயுள் முழுதும் பாடுபட்ட குடும்பம் வேறு இருக்காது.

வழக்கம் உனக்குத் தெரியும். தேய்ப்பது நான், பெயிண்ட் அடிப்பது நீ. தேய்த்ததில் குற்றம் கண்டால் கூட்டைத் திருப்பி அனுப்ப உனக்கு உரிமை உண்டு. போன கூடு நான்கு முறை திரும்பி வந்தது. நான் கட்டிக்கொடுத்த பல்செட்டை, வாய்க்குப் பொருந்தாதவர்கள்கூட இத்தனை முறை திருப்பியதில்லை.

பிப்ரவரி முதல் வாரம் என் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். மூன்று குழாயில் அடைப்பு. உட்பக்கமெல்லாம் சொரசொரப்பாக இருக்கிறது என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். எத்தனாம் நம்பர் உப்புத்தாளில் தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத மருத்துவர்தான் கெட்டிக்காரர் என்கிறாள் உன் அண்ணி.

போனில் கூப்பிடாதே. கார்த் தகரத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று உன் காது போய் வெகுகாலமாகிறது. நாம் இருவரும் போனில் கத்துவதைக் கேட்கிறவர்கள் சொத்துத் தகராறு என்று நினைக்கிறார்கள். கடிதம் போடு. கூரையைப் பற்றி உள்ளதைச் சொல்.

உன் அண்ணன்


தம்பி அண்ணனுக்கு (தம்பி சொல்ல, அவன் மனைவி எழுதியது)

ஜனவரி 29

பல்செட் அண்ணனுக்குத் தகரத்தின் வணக்கம். காது நீங்கலாக உடம்பு சுகம்.

பார்சல் இன்னும் வரவில்லை. வராததால் கூரையைப் பற்றி இப்போதைக்கு எனக்கு நல்ல அபிப்பிராயம்தான்.

சொரசொரப்பு முழுவதும் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வயதுக்குமேல் இப்படி நம்புவது நல்ல மனசுதான். அது போவதில்லை அண்ணா. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரன் மாதிரி, எனக்குத் தபால் ஏதாவது வந்ததா என்று மறுபடி வாசலில் வந்து நிற்கும். பெயிண்ட் அடித்துப் பத்துப் பதினைந்து நாள் போன பிறகுதான் ஜெயித்தது யார் என்று தெரியும்.

ஆபரேஷனுக்குப் பயப்படாதீர்கள். பிளாஸ்டிக்கைவிட நெஞ்சு பரவாயில்லை. தானாக ஒட்டிக்கொள்ளும், பட்டி வைக்க வேண்டியதில்லை.

தகரம்

(அத்தான், இது எழுதுகிறவள் சொல்வது. ஸ்பிரே கன்னைப் பிடித்தால் ஆடாத கை பேனாவைப் பிடித்தால் ஆடுகிறது என்று இவர் சொன்னதை நம்பி, கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுக் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதுகிறேன். நேற்று மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டார். இதை எழுதாதே என்று தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். எழுதிவிட்டேன்.)


அண்ணி தம்பி மனைவிக்கு

பிப்ரவரி 6

அம்மாடி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ போன் செய்தபோது இவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தம்பி போய்விட்டார் என்று காதில் நீ சொல்கிறாய். எதிரே நர்ஸ் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டுகிறாள். நான் அழுததைப் பார்த்து, "ஒண்ணும் ஆகாதும்மா, நல்லா வந்துருவாரு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். உன்னை வந்து கட்டிக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். இப்போது எதுவும் தெரியக்கூடாது, ஆறு மாதம் போகட்டும் என்றார். தம்பிமேல் ரொம்பப் பிரியமா என்று கேட்டார். "நேர்ல பார்த்தா அஞ்சு நிமிஷத்துல சண்டை வந்துரும் டாக்டர்" என்றேன். "அப்ப கண்டிப்பா சொல்லாதீங்க" என்றார்.

இவர் கண் விழித்ததும் முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்தது, "தகரம் கடுதாசி போட்டானா? கூரையைப் பத்தி என்ன சொன்னான்?"

எப்போதும் கடிதம் உன் கையெழுத்தில்தானே வரும். அவர் பெயரில் இரண்டு வரி எழுதிப் போடு. கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும். பாவம் என்றால் பாதி என் தலையில்.

அக்கா


‘தம்பி’ அண்ணனுக்கு

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணி எழுதியிருந்தார்கள். மிகவும் சந்தோஷம். பார்சல் வந்து சேர்ந்தது. கூரை நன்றாக இருக்கிறது. எந்தக் குறையும் இல்லை. நீங்கள் நன்றாக ஓய்வெடுங்கள். மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

அன்புத் தம்பி


அண்ணன் தம்பிக்கு

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

திறந்ததை மூடிவிட்டார்கள். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வயதில் ஒரு தலையணையோடு இத்தனை நெருக்கம் ஏற்படும் என்று நினைக்கவில்லை.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியிலேயே படித்தேன். கூரை நன்றாக இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தாய். அதன்பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரையின் வேகம் என்றார் மருத்துவர். அவர் படித்தவர், சொன்னால் சரியாக இருக்கும்.

பெயிண்ட் அடிக்க அவசரமில்லை. கூடு உன்னிடமே இருக்கட்டும். அடித்தால் எழுது, அடிக்காவிட்டாலும் எழுது. தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது என்று எழுதினால்கூடப் படிப்பேன். எனக்கு இப்போது வேறு வேலை கிடையாது.

உன் வீட்டுக்காரி சாப்பிடுகிறாளா என்று எழுது. இத்தனை காலம் நான் இப்படிக் கேட்டதில்லை. நெஞ்சைத் திறந்து மூடினால் உள்ளே கிடந்த சில கேள்விகள் வெளியே விழுந்துவிடும் போலிருக்கிறது.

உன் அண்ணன்


‘தம்பி’ அண்ணனுக்கு

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் தையல் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பெயிண்ட் அடித்தேன். அடித்த அன்று கூரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு வாரத்துக்குமேல் போனதும் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. தூசி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கூரை முழுக்கச் சொரசொரப்பு திரும்பி வந்திருக்கிறது. அதே வரி, அதே புள்ளி. நீங்கள் எதையுமே எடுக்காத மாதிரி. பெயிண்டுக்கு அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

பெயிண்டை எடுத்துவிடலாம் என்று நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். கூரை பாலாடைபோலச் சுருங்கிவிட்டது. கை தவறிவிட்டது. வெகுநாள் ஆனதால் சில விஷயம் மறந்துபோகிறது. மன்னிக்கவும். கூட்டைத் திருப்பி அனுப்புகிறேன்.

சாப்பிடுகிறாள்.

தம்பி


தம்பி மனைவி அண்ணிக்கு

மே 4

அக்கா,

அத்தான் உடம்பு தேறிவருகிறது என்று நம்புகிறேன். என்னால் இனி எழுத முடியாது போலிருக்கிறது.

‘மன்னிக்கவும்’ என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, போலீஸ்காரர் கால்மேல் வண்டியை ஏற்றியபோதுகூட. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இவரை மாதிரி திட்டி எழுதலாம் என்று உட்காருகிறேன். இவர் சொல்லாததை இவர் சொன்னதாக எழுத எனக்கு நல்ல வார்த்தைதான் வருகிறது.

அன்று நடந்ததை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. பார்சல் வந்தது. பிரித்தார், கூரையைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு வேலை அறைக்குப் போனார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. காதுதான் கேட்காதே, வரும்போது வரட்டும் என்று அவர் தட்டை மூடிவைத்துவிட்டு நான் சாப்பிட்டேன் அக்கா. கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள் மாதிரி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். உள்ளே கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் கேட்டது. வேலையில் இருக்கிறார் என்று இருந்துவிட்டேன். போய்ப் பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார்.

அந்தக் கம்ப்ரசரில் எங்கேயோ காற்றுக் கசிகிறது. அழுத்தம் இறங்கினால் தானாக ஓடும், நிறைந்ததும் நிற்கும். யாரும் தொட வேண்டாம். அன்றும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. இன்றைக்கும் ஓடுகிறது. சுவிட்சை அணைத்தால் தீர்ந்தது என்று எனக்குத் தெரியும். அணைக்கவில்லை. அது ஓடுகிறவரை இந்த வீட்டில் ஒருவர் வேலையாக இருக்கிறார்.

அத்தானிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நீங்கள் எப்போது சொன்னாலும் சரி. ஆனால் சொன்ன பிறகு யார் யாருக்கு எழுதப்போகிறார்கள் அக்கா? இந்த வீட்டுக்கு வேறு கடிதம் வருவதில்லை.

தங்கச்சி


அண்ணி தம்பி மனைவிக்கு

மே 15

அம்மாடி,

முதலில், நீ சாப்பிட்டது தப்பில்லை. இதை இன்னொரு தரம் எழுதவைக்காதே.

பார்சல் வந்தது. இவரே பிரித்தார். சுருங்கிப்போன கூரையைப் பார்த்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தார். நகப்பூச்சு என்ற இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். தையல் வலிக்கிறது என்று தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அப்புறம் அந்தத் தலையணையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

பிறகு, தம்பி என்ன எழுதியிருக்கிறார் என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "கை இன்னும் பழகலை. பழகிரும்" என்றார்.

நாளெல்லாம் கார் பெயிண்ட் அடித்தவருக்கா பழகவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று இல்லை. தெரிந்தும் இப்படி இருக்கிறாரோ என்று.

ஆகஸ்ட் வரை பொறு. எழுது.

அக்கா


அண்ணன் தம்பிக்கு

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

நடக்கிறேன். தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். என்னைவிட வயதான நாய் ஒன்று தினமும் என்னை முந்திக்கொண்டு போய், முனையில் நின்று திரும்பிப் பார்க்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

சுருங்கிய கூடு இனி ஆகாது. என் மேசையில் வைத்திருக்கிறேன். அதே காரில் இன்னொரு பெட்டி வாங்கி, கூரையைத் தேய்த்துப் பட்டியும் வைத்து இத்துடன் அனுப்புகிறேன்.

சில விஷயம் மறந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தேய்க்கும்போது மேடுதான் போகிறது. பள்ளத்தில் பட்டி போய் உட்கார்ந்துகொள்கிறது. தின்னர் கலந்த பெயிண்ட் மேலே விழுந்ததும் பட்டி அதைக் குடித்து உப்பும். அன்றைக்குப் பார்த்தால் எல்லாம் சமம். நாள் போகப்போக அது காய்ந்து, சுருங்கி, உள்ளே இறங்கும். பழைய பள்ளமெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். இதில் பேய் பிசாசு ஒன்றுமில்லை, அவசரம்தான். ஆகவே கூட்டை ஒரு மாதம் சும்மா வைத்திரு. சும்மா வைத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பாகம். நம்மில் பலர் அதில்தான் தேர்ச்சி பெறுவதில்லை.

பிறகு அடிப்பூச்சான பிரைமரை மூச்சுக்காற்று படிகிற மாதிரி மெல்லிசாக அடி, நனைகிற மாதிரி அடிக்காதே. காய்ந்ததும் தண்ணீர் தொட்டு ஆயிரம் நம்பர் தாளால் தேய். வட்ட வட்டமாக வேண்டாம், முன்னிருந்து பின்னாக நேராக. போன தடவை பாத்திரம் துலக்கிய தடம் மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் திரும்பி வரும். வந்தால் பதறி அழிக்காதே. குடித்தனக்காரன் தபாலை வாங்கிக்கொண்டு தானாகப் போவான்.

கடைசியாக ஒன்று. பெயிண்ட் அடிக்கும்போது முகமூடியின் பட்டையை இரண்டு துளை உள்ளே தள்ளி மாட்டிக்கொள். அது பெரிய முகத்துக்கு வாங்கியது. தளர்வாக இருந்தால் தின்னர் நெடி உள்ளே போகும், உடம்புக்கு ஆகாது.

உன் அண்ணன்


அண்ணன் தம்பி மனைவிக்கு

செப்டம்பர் 3

அம்மாடி,

உன்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், நீ இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளாக இப்படித்தான் சமாளிக்கிறேன். இனி மாற்றும் உத்தேசமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

முகமூடிப் பட்டையோடு உன் கடிதம் நின்றுபோனது. நிற்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். நெடி உள்ளே போவதைவிட அது மேல்.

மருத்துவர் சொன்ன ஆறு மாதம் முடிந்ததும் உன் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர். சுற்றிவளைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் மாமனார் இறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும், தம்பி இல்லை" என்றேன். தண்ணீரை அவளே குடித்துவிட்டாள். மாத்திரையை நல்லவேளையாகப் பிடுங்கிவிட்டேன்.

எப்போது தெரிந்தது என்று அவள் கேட்டாள். நீயும் கேட்பாய். ஆஸ்பத்திரியில், உன் முதல் கடிதத்தில். கையெழுத்து மாறவில்லை, தாள் மாறவில்லை. ஆனால் கூரை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. நான் செய்த எதையும் என் தம்பி நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. என் கல்யாணத்தில் மேடையேறி வந்து, "சட்டை தேவலை" என்றான். என் வாழ்நாளில் அவனிடம் நான் வாங்கிய உச்சப் பட்டம் அதுதான். நீ என்மேல் இரக்கப்பட்டு எழுதியிருந்தாய். அவன் இருந்தால் இந்த இரக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கமாட்டான். அந்த வரியைப் படித்த நிமிடம் அவன் போய்விட்டான்.

தெரிந்த பிறகும் ஏன் எழுதினேன் என்றால், பதில் வந்ததால். இருக்கிறவர்களே பதில் போடாத காலத்தில் இல்லாதவனிடமிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதை நானாக ஏன் கெடுக்க வேண்டும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பார்சலைப் பிரித்துக் கூரையைப் பார்த்தான் என்று உன் அக்கா சொன்னாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிற பிறவி இல்லை அவன். என்ன சொன்னான்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு எந்தக் கூரையும் ஓடவில்லை. கையில் எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். எவ்வளவு மோசமாக இருந்தாலும் அப்படியே எழுது. சாப்பாட்டில்தான் எனக்கு உப்பு கூடாது.

ஜூனில் அனுப்பிய கூடு உனக்குப் பாரமாக இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடு. எழுத வேண்டிய கட்டாயமும் இனி உனக்கு இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டுத் தபால்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதையும் சொல்லிவைக்கிறேன்.

அண்ணன்


தம்பி மனைவி அண்ணனுக்கு

செப்டம்பர் 19

அத்தானுக்கு,

உடம்பு பரவாயில்லை. உங்கள் நடை தெருமுனையைத் தாண்டியிருக்கும். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று இவர் வாசலிலேயே பார்சலைப் பிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு கூரையைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார். ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். முகம் விழுந்துபோனது. என்ன ஆயிற்று என்று சைகையில் கேட்டேன்.

"ஒண்ணும் கெடைக்கலடி" என்றார். "ஒரு கோடுகூட இல்ல. பாவி மனுஷன், ஆபரேஷன் பயத்துல நிதானமா தேச்சிருக்கான். இதை மட்டும் எழுதிடாத. இரு, பெரிய விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஏதாவது கெடைக்காமலா போகும்."

அதற்காகத்தான் வேலை அறைக்குப் போனார். அவர் சொன்னது இவ்வளவுதான். எழுதக்கூடாது என்றதைத்தான் முதல் கடிதத்தில் நான் எழுதிவிட்டேன். நீங்கள் என் இரக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இனி ஜூனில் வந்த கூடு. யாருக்கும் கொடுப்பதாக இல்லை. நீங்கள் சொன்னபடி சும்மா வைத்திருந்துவிட்டு, பட்டையை இரண்டு துளை தள்ளி மாட்டிக்கொண்டு பிரைமர் அடித்தேன். ஒரு மாதம் பார்த்தேன். இந்த முறை சொரசொரப்பு திரும்பி வரவில்லை. வந்தது வேறு. பின் கண்ணாடிக்கு மேலே, இடது ஓரத்தில், விளக்கைச் சாய்த்தால் மூன்று பள்ளம் வரிசையாகத் தெரிகிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன்; எனக்குப் பொருந்தவில்லை, பெரிய கை. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்காமல் வெறும் விரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறீர்கள். வலது பக்கம் மழைத்தண்ணீர் வழிகிற அந்த மெல்லிய விளிம்பைப் பாதிக்குமேல் காணோம். நெஞ்சைத் திறந்து மூடியவர் என்பதற்காக இதையெல்லாம் விட்டுவிட முடியாது. என்னை நேராகத் தேய்க்கச் சொல்கிறவர் முதலில் சமமாகத் தேய்க்க வேண்டாமா?

கூட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பள்ளத்துக்குப் பட்டி வைத்து, காயவிட்டு, முதலிலிருந்து தேயுங்கள். பதில் உடனே வேண்டாம். ஒழுங்காகச் செய்துமுடித்த பிறகு போட்டால் போதும்.

இப்படிக்கு,
அம்மாடி